உணர்வுக்கு எத்தனை மதிப்பெண்?

உயர்திறன் கார் டயர்களைப் பந்தயத் தடத்தில் ஓட்டிச் சோதித்து எழுதப்படும் அறிக்கை ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது எண்கள்தான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பிரேக்கை மிதித்ததும் எத்தனை மீட்டரில் நிற்கிறது? நனைந்த தடத்தில் ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி ஆகிறது? தேங்கிய தண்ணீரில் எந்த வேகத்தில் டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்குகிறது? உருளும்போது எத்தனை டெசிபல் இரைச்சல்? இப்படிக் கட்டம் கட்டமாகப் போகும் அட்டவணையின் கடைசியில் வேறு மாதிரியான ஒரு கட்டம் இருக்கும். அதற்கு அலகு கிடையாது. பத்துக்கு எட்டு, பத்துக்கு எட்டரை என்று மதிப்பெண் மட்டும் இருக்கும். ஓட்டியவரின் உணர்வை வைத்துப் போட்ட மதிப்பெண் அது.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றியது. பெண்ணியத்துக்கும் கார் டயருக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி எழலாம். "எனக்கு இப்படித் தெரிகிறது" என்று ஒருவர் சொல்வதைப் பொறியியல் சான்றாக ஏற்றுக்கொள்ளும் இடங்கள் மிகச் சில. டயர் சோதனை அவற்றில் ஒன்று. "எனக்கு இப்படித் தெரிகிறது" என்று சொல்லி நம்பப்படாமல் போனவர்களோ பெரும்பாலும் பெண்கள். மருத்துவரிடம் வலியைச் சொன்னவர்கள், மாமியார் வீட்டில் பயத்தைச் சொன்னவர்கள், அலுவலகத்தில் அவமதிப்பைச் சொன்னவர்கள் என்று நாம் அறிந்த வரிசை நீளம். உணர்வு எப்போது சான்றாகிறது, எப்போது வெறும் புலம்பலாகிறது என்பதைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு டயர் சோதனை நல்ல பாடநூல்.

சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தமாகவே சோதனைத் தடங்கள் உண்டு. ஜெர்மனியில் ஹனோவர் அருகே கான்டினென்டலின் கான்டிட்ரோம், பிரான்சில் க்ளெர்மோன்-ஃபெரான் அருகே மிஷெலினின் லாடூ ஆகியவை பெயர்பெற்றவை. சோதனையின் அடிப்படை விதி எளிமையானது: ஒன்றை மட்டும் மாற்று, மற்ற அனைத்தையும் அப்படியே வை. அதே கார், அதே ஓட்டுநர், அதே தடம், அதே காற்றழுத்தம். டயர் மட்டும் மாறும். ஆனால் தடம் அப்படியே இருப்பதில்லை. வெயில் ஏற ஏறத் தார் சூடாகும். முன்பு ஓடிய டயர்களின் ரப்பர் தரையில் படியும். இதைச் சரிக்கட்ட, ஒப்பீட்டுக்கென்று ஒரு டயரை வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலும் நடுவிலும் முடிவிலும் அதையே மாட்டி ஓட்டுகிறார்கள். அதன் எண்கள் எவ்வளவு மாறியிருக்கின்றனவோ அவ்வளவுக்கு மற்ற டயர்களின் எண்களும் திருத்தப்படும். ஒழுங்கான சோதனைகளில், எந்த நிறுவனத்தின் டயரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஓட்டுநருக்கே சொல்வதில்லை. பெயர் தெரிந்தால் மனம் சாயும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் கடைசியில் ஒரு மனிதரிடம் "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. காரணம் டயரின் இயல்பு. ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தான். வளைவில் திரும்பும்போது அந்த இடத்தில் ரப்பர் சற்று முறுக்கிக்கொள்கிறது, கொஞ்சம் வழுக்கவும் செய்கிறது. அந்தச் சிறு வழுக்கலில்தான் பிடிப்பே பிறக்கிறது. பிடிப்பு எல்லையை நெருங்குவதை டயர் முன்கூட்டியே தெரிவிக்கிறதா, திடீரென்று கைவிடுகிறதா? ஸ்டீயரிங்கை நடுவிலிருந்து ஓர் இழை திருப்பினால் உடனே பதில் வருகிறதா, தாமதமாகவா? இவற்றையெல்லாம் ஓட்டுநரின் உள்ளங்கையும் முதுகும் இடுப்பும் வாங்கிக்கொள்கின்றன. ஒரே சுற்று நேரத்தைத் தரும் இரண்டு டயர்களில் ஒன்று நம்பிக்கை தருவதாகவும் மற்றது பயமுறுத்துவதாகவும் இருக்கலாம். நொடிகளைக் காட்டும் கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

ஆகவே தேர்ந்த சோதனை ஓட்டுநரின் அரை மதிப்பெண்ணுக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. ரப்பர் கலவையில் சிலிக்காவின் அளவைக் கூட்டுவதா, பக்கச்சுவரை இறுக்குவதா என்ற முடிவுகள் அந்த அரை மதிப்பெண்ணைப் பார்த்தும் எடுக்கப்படுகின்றன. இந்த இடத்தில் எனக்கு டயர் பொறியாளர்கள்மீது மரியாதை உண்டு. உடலுக்கு அறிவு உண்டு என்பதை அவர்கள் வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறார்கள்.

நம் மொழி இதே விஷயத்துக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறது. ஓட்டுநருக்கு இருப்பது உணர்திறன். பெண்ணுக்கு இருப்பதாகச் சொல்லப்படுவது உணர்ச்சிவசம். இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான். மாவின் பதத்தை விரல் நுனியில் அறிகிறவளுக்குக் கைப்பக்குவம் என்ற பாராட்டு கிடைக்கும். அதை யாரும் மதிப்பெண்ணாக்கி அட்டவணையில் ஏற்றுவதில்லை, சம்பளமும் தருவதில்லை. பிரசவம் பார்த்த கைகள் குழந்தை திரும்பியிருப்பதை வயிற்றைத் தடவியே அறிந்தன. அந்த அறிவு நாட்டு வழக்கம் என்று ஒதுக்கப்பட்டது. உடலால் அறிவது அறிவியலுக்கு எதிரானது என்று நமக்குச் சொல்லப்பட்டது. சோதனைத் தடத்தைப் பார்த்த பிறகு அந்த வாதம் நிற்காது. உடல் அறியும் என்பது ஏற்கனவே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. யாருடைய உடல் என்பதில்தான் தகராறு.

இதற்கு லெல்லா லொம்பார்டியின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இத்தாலியின் ஃப்ரூகரோலோவில் 1941இல் பிறந்தவர். அப்பாவின் இறைச்சிக் கடைக்காக வேன் ஓட்டி ஓட்டிப் பழகியவர். 1975இல் மார்ச் அணியின் காரில் ஃபார்முலா 1 பந்தயங்களில் ஓடினார். அந்த ஏப்ரலில் பார்சலோனாவின் மோன்ட்ஜுயிக் தடத்தில் நடந்த ஸ்பானிய கிராண்ட் பிரியில் ஒரு கார் தடத்தை விட்டுப் பறந்து பார்வையாளர்கள் இறந்தார்கள். பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டது. அப்போது லொம்பார்டி ஆறாவது இடத்தில் இருந்தார். பந்தயம் முழுமையாக நடக்காததால் புள்ளிகள் பாதியாக்கப்பட்டன. அவருக்குக் கிடைத்தது அரைப் புள்ளி. ஃபார்முலா 1 உலகப் போட்டியில் ஒரு பெண் பெற்ற புள்ளி இன்றுவரை அது ஒன்றுதான்.

லொம்பார்டி அந்தப் பருவத்தில் ஒரே புகாரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: வளைவுகளில் கார் சொன்னபடி திரும்பவில்லை, முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. ஓட்டுநர்கள் இதை அண்டர்ஸ்டீர் என்பார்கள். டயர் சோதனை அறிக்கைகளில் அடிக்கடி தென்படும் சொற்களில் இதுவும் ஒன்று. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் முன்டயர்கள் பிடிப்பை இழந்து வழுக்கும்போது வருவது. அணி அந்தப் புகாரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு அதே காரில் ஸ்வீடனைச் சேர்ந்த ரோனி பீட்டர்சன் உட்கார்ந்தார். அவர் காலத்தின் வேகமான ஓட்டுநர்களில் ஒருவர். அவரும் குறை சொன்னார். இப்போது காரைப் பிரித்துப் பார்த்தார்கள். பின்பக்கத்தைத் தாங்கும் மக்னீசிய வார்ப்பு விரிசல் விட்டிருந்தது. அணியை நிறுவியவர்களில் ஒருவரான ராபின் ஹெர்டே பிற்காலத்தில் இதை வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

இந்தச் சம்பவத்தைச் சோதனை அறிக்கையைப் படிப்பதுபோல் படித்துப் பாருங்கள். கார் மாறவில்லை. கோளாறு மாறவில்லை. சொல்லப்பட்ட குறையும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: சொன்னவர். பதில் மாறிவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் எதனால் விளைவு மாறியது என்று தெரிந்துவிடும் என்பதுதானே சோதனையின் விதி? அந்த விதிப்படியே இங்கே முடிவு சொல்லலாம்.

லொம்பார்டியின் உடல் சரியாக அளந்தது. அளந்ததை அவர் சரியாகச் சொன்னார். ஆனால் ஒரு பெண் "கார் திரும்பவில்லை" என்றபோது "இவளுக்குத் திருப்பத் தெரியவில்லை" என்று கேட்கும் காதுகள் அங்கே இருந்தன. கருவி காட்டிய அளவை வைத்துக் காரைச் சந்தேகிக்க வேண்டியவர்கள் கருவியையே சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகத்தின் விலை என்ன? விரிசல் விட்ட காரில் ஒருவர் தன் உயிரை வைத்து ஓட்டினார். பலவீனமான ஓட்டுநர் என்ற பெயரும் அவர்மேலேயே விழுந்தது.

அமெரிக்காவில் அடுத்த ஆண்டு இதன் மறுபக்கம் நடந்தது. ஜேனட் கத்ரி இயற்பியல் பட்டதாரி, விமானி, வானூர்திப் பொறியாளராக வேலை பார்த்தவர். 1976 மே மாதம் இண்டியானபோலிஸ் 500 பந்தயத்துக்குத் தகுதி பெற வந்தார். அவருக்குக் கிடைத்த கார் தகுதிக்கான வேகத்தை எட்டவில்லை. பெண்ணால் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது போதுமாயிருந்தது. அப்போது ஏ. ஜே. ஃபாய்ட் என்ற புகழ்பெற்ற ஓட்டுநர், தன்னிடம் உபரியாக இருந்த காரைப் பயிற்சிக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். கத்ரி அதில் மணிக்கு 180 மைலுக்கு மேல் ஓட்டினார். தகுதி பெறப் போதுமான வேகம் அது. யாரும் திட்டமிடாமலே ஓர் ஒழுங்கான சோதனை நடந்துவிட்டது: ஓட்டுநர் அவரே, தடம் அதே, கார் மட்டும் வேறு. குறை எதில் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் காரில் தகுதிச் சுற்று ஓட அவருக்குக் கிடைக்கவில்லை. மறு ஆண்டு, 1977இல், வேறு காரில் தகுதி பெற்று அந்தப் பந்தயத்தில் ஓடிய முதல் பெண்ணானார். 1978இல் முறிந்த மணிக்கட்டோடு ஓடி ஒன்பதாவதாக வந்தார்.

எதிர்வாதம் ஒன்று வரும்: சோதனை ஓட்டுநர் வேலைக்குப் பல ஆண்டுத் தடப் பழக்கம் வேண்டும், அந்தப் பழக்கம் உள்ள பெண்கள் குறைவு, ஆகவே கட்டத்தில் ஆண்களின் மதிப்பெண் இருப்பது பாரபட்சம் ஆகாது, எண்ணிக்கை. இதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. உணர்திறன் பயிற்சியால்தான் வருகிறது. நாக்கைப் பழக்குவதுபோல் முதுகையும் பழக்க வேண்டும். ஆனால் அந்தப் பழக்கம் எங்கே கிடைக்கிறது? சிறு வயதில் கார்ட் ஓட்ட வேண்டும். அதற்குப் பணம், நேரம், பழைய டயரும் பெட்ரோலும் வாங்கித் தர ஓர் அப்பா, "போய்ட்டு வா" என்று அனுப்பும் வீடு. பிறகு சோதனை ஓட்டுநராகச் சேர்ந்தால் ஆணுக்கு அது பெரும்பாலும் பந்தயக் காருக்கான படிக்கட்டு. பெண்ணுக்கு அதுவே கடைசிப் படியாக நின்றுவிடுகிறது. வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராக இருந்த சூசி வூல்ஃப் 2014இல் சில்வர்ஸ்டோனில் வெள்ளிக்கிழமைப் பயிற்சிச் சுற்றில் ஓடினார். ஃபார்முலா 1 பந்தய வார இறுதியில் ஒரு பெண் கார் ஓட்டியது 22 ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. மாருஸ்ஸியா அணியின் மரியா டி வியோட்டா 2012இல் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்ட் விமானத் திடலில் நேர்கோட்டுச் சோதனை ஓட்டம் முடித்துத் திரும்பும்போது விபத்தில் வலது கண்ணை இழந்தார். மறு ஆண்டு இறந்தார். சோதனையின் ஆபத்தைச் சுமக்கப் பெண்ணுடல் ஏற்கப்பட்டது. அந்த ஆபத்துக்கு ஈடாகக் கிடைக்கும் தகுதி மட்டும் எட்டாமலே இருந்தது.

சோதனைத் தடத்தில் இடம் கிடைக்காத பெண்ணுடலுக்கு டயர் உலகம் வேறொரு இடம் ஒதுக்கி வைத்திருந்தது. 1964இல் பிரெல்லி டயர் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளை தன் புகழ்பெற்ற நாள்காட்டியைத் தொடங்கியது. கடைகளில் விற்கப்படாமல் தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அனுப்பப்பட்ட அதன் பக்கங்களை அரைகுறை ஆடையிலும் ஆடையின்றியும் இருந்த பெண்கள் நிரப்பினார்கள். அதே 1964இல் நம் ஊரில், மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற பெயரின் சுருக்கமான எம்ஆர்எஃப், டயரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கும் தசைமனிதனைத் தன் சின்னமாக்கியது. நெடுஞ்சாலை ஓரத்து டயர் கடைகளில் இன்றும் நாம் பார்க்கும் அதே ஆள். அதற்கும் வெகு முன்பே, 1898இல், மிஷெலின் தன் டயராலான மனிதனைப் பிறப்பித்திருந்தது. முதல் சுவரொட்டியில் அவன் ஆணியும் கண்ணாடித் துண்டும் நிறைந்த கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

இந்தப் படங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேலைப் பிரிவினை தெரிகிறது. ஆணின் உடல் டயரைத் தூக்குகிறது, டயராகவே இருக்கிறது, ஆணியையும் விழுங்குகிறது. பெண்ணின் உடல் பார்க்கப்படுகிறது. அது எதையும் உணர்வதாக அந்தப் படங்கள் சொல்வதில்லை. நாள்காட்டியைப் பற்றிய வழக்கமான விமர்சனம் ஆடையைப் பற்றிப் பேசும். சோதனை அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்கு வேறொன்று படுகிறது: உணரும் உடல், பார்க்கப்படும் உடல் என்று இரண்டு உடல்களை இந்தத் தொழில் தயாரித்தது. ஒரு தாளில் ஆணின் முதுகுக்கு மதிப்பெண் போடும் அதிகாரம். இன்னொரு தாளில் பெண்ணின் முதுகுக்கு மதிப்பெண் வாங்கும் விதி.

படங்கள் மாறியிருக்கின்றன. 2016ஆம் ஆண்டு நாள்காட்டிக்கு ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படங்களில் செரீனா வில்லியம்ஸ், பாட்டி ஸ்மித், யோகோ ஓனோ போன்றவர்கள் தங்கள் சாதனைக்காக இடம்பெற்றார்கள். 2018இல் ஃபார்முலா 1 பந்தயங்களில் காருக்கு முன்னால் பெண்களை நிறுத்தும் வழக்கம் கைவிடப்பட்டது. 2023இல் பெண்களுக்கென எஃப்1 அகாடமி தொடங்கியது. அந்தக் கார்கள் பிரெல்லி டயரில்தான் ஓடுகின்றன. நல்லதுதான். ஒரு பெண்ணுக்குத் தடத்தில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவள் முதுகின் படிப்பு. ஆனால் படத்தை மாற்றுவது சுலபம், அட்டவணையின் கடைசிக் கட்டத்தை மாற்றுவது கடினம். அவள் "இந்த டயர் வளைவில் கைவிடுகிறது" என்று சொன்னால் ரப்பர் கலவை மாறுமா? மாற்றத்தை நான் அந்த இடத்தில் அளப்பேன்.

டயர் தொழிலில் மதிப்பெண் போடப்படுவது டயருக்கு மட்டுமில்லை என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலம் காட்ஸ்டனில் குட்இயர் டயர் ஆலையில் 1979 முதல் 1998 வரை மேற்பார்வையாளராக வேலை பார்த்தவர் லில்லி லெட்பெட்டர். பணிக்காலத்தின் கடைசியில் பெயரில்லாத ஒரு துண்டுச் சீட்டு அவருக்குக் கிடைத்தது. அதில் அவர் சம்பளமும் அதே வேலை பார்த்த ஆண்களின் சம்பளமும் எழுதியிருந்தன. வழக்கின் பதிவுப்படி அவருக்கு மாதம் 3,727 டாலர். ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286, அதிகம் வாங்கியவருக்கு 5,236. அங்கே சம்பள உயர்வு மேலதிகாரிகள் போடும் செயல்திறன் மதிப்பீட்டைப் பொறுத்தது. 2007இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: பாரபட்சமான சம்பள முடிவு எடுக்கப்பட்ட 180 நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்றது. தன் சம்பளம் குறைவு என்றே தெரியாதவர் எப்படிப் புகார் செய்வார்? நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் மறுப்புத் தீர்ப்பை நீதிமன்றத்தில் வாய்விட்டு வாசித்தார். 2009 ஜனவரியில் லெட்பெட்டரின் பெயரிலேயே சட்டம் வந்தது. விட்டுப்போன சம்பளம் அவருக்கு வரவில்லை.

டயர் தொழில் ஒரு டயருக்கு மதிப்பெண் போடும்போது பெயரை மறைக்கும். ஒப்பீட்டு டயரை மூன்று முறை ஓட்டும். தார் சூடானதைக்கூடக் கணக்கில் கழிக்கும். ஒரு மனுஷிக்கு மதிப்பெண் போடும்போது இந்த ஏற்பாடுகளில் ஒன்றும் இல்லை. பெயர் தெரியும், பால் தெரியும். ஒப்பிட வேண்டிய எண்கள் மட்டும் அவளுக்குத் தெரியாது. ரப்பருக்குக் கிடைக்கும் நியாயத்தைப் பெண் கேட்டால் அது அதிகப்படியான கோரிக்கை ஆகிவிடுகிறது.

ஆகவே உணர்வுசார் மதிப்பீடு வேண்டாம், எல்லாவற்றையும் கருவியிடம் விட்டுவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நம் கையில் இருக்கும் வலுவான ஆயுதத்தை நாமே கீழே போடுவதாகும். உடலுக்குத் தெரியும் என்று நாம் காலகாலமாகச் சொன்னதை, உலகின் பெரும் நிறுவனங்கள் பணத்தைக் கொட்டி நிரூபித்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கடைசிக் கட்டம் இருக்கட்டும். அதில் யார் எழுதுகிறார் என்பதையும் அறிக்கை சொல்லட்டும். ஒரே உயரம், ஒரே எடை, ஒரே வகைப் பழக்கம் உள்ள சிலரின் உடலை "ஓட்டுநர்" என்ற பொதுப்பெயரில் எழுதுவதை நிறுத்தட்டும்.

சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த பந்தயத் தடம் இருக்கிறது. அந்த நெடுஞ்சாலையில் காலையிலும் மாலையிலும் ஆலைப் பேருந்துகளில் போகும் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கானவர்கள். எந்த வளைவில் பேருந்தின் பின்பக்கம் எப்படி ஆடும், மழை நாளில் எங்கே வழுக்கும் என்று அவர்களின் உடலுக்கும் தெரியும். அதை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. இதைப் படிக்கிற மாணவியரிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிய விஷயம்தான். "எனக்கு என்னவோ சரியில்லைன்னு தோணுது" என்று ஒரு பெண் சொல்லும்போது, அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் காரைப் பிரித்துப் பாருங்கள். லொம்பார்டியின் காரில் விரிசல் இருந்தது.